நூறு மீட்டர்

அந்தத் துறைமுகத்தில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ரசீதக்கா என்று கேட்டால் போதும், கை நீட்டிக் காட்டுவார்கள். படகுகளையும் கடல் உயிர்களையும் கண்காணிக்கும் காவல் பிரிவில் பதினான்கு வருடமாக ரோந்து வேலை. லைஃப் ஜாக்கெட் குறைந்தால் அபராத ரசீது. படகு ஓட்டுகிறவன் வாயில் சாராய வாடை அடித்தால் ரசீது. அளவு தேறாத நண்டை வாளிக்கடியில் ஒளித்தாலும் வாளியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுவாள்; ஆளுக்கு ரசீது, நண்டுக்கு விடுதலை.

ரோந்துப் படகை ஓட்டுகிறவருக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். காலையில் இருக்கையில் உட்கார்ந்தாரென்றால் மாலைவரை எழுந்திருக்க மாட்டார். பேச்சும் அப்படித்தான், கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அன்று காலை எட்டரை மணிக்கு அவர்கள் மறித்த முதல் படகு அவளுடைய கொழுந்தனுடையது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விரிகுடாவை ஒரு வட்டமடிப்பது அவன் தொழில். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணி! வாங்க வாங்க.”

“எத்தனை பேரு ஏத்தியிருக்கே?”

“இருபத்திரண்டு. ஆனா ரெண்டு பேரு ரொம்ப ஒல்லி. இருபதுன்னே வெச்சுக்கலாம்.”

“ஜாக்கெட்டு எத்தனை?”

அவன் தலையைச் சொறிந்தான். “பத்தொம்பது. அண்ணி, வீட்டுக்கு வந்தா எனக்குத்தான் முதல்ல சோறு போடுவீங்க. இங்க வந்து இப்படிப் பண்றீங்களே?”

“சோறு வீட்டுல போடுறேன். இங்க நீ கையெழுத்துப் போடு.”

பயணிகள் சிரித்துவிட்டார்கள். அவன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, படகுத்துறைக்குத் திரும்பி, மூன்று ஜாக்கெட்டை இரவல் வாங்கி மாட்டிய பிறகுதான் அவள் வழி விட்டாள்.

பத்து மணி வாக்கில் வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது. விரிகுடாவின் வாய்ப்பக்கம் கறுப்பாக ஏதோ மிதக்கிறதாம். கவிழ்ந்த படகாக இருக்கலாம், உடனே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நங்கூரம் இயந்திரத்தை முடுக்கினார். அவள் முதலுதவிப் பெட்டியையும் கயிற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முன்பக்கம் நின்றாள். தூரத்தில் அது தெரிந்தது. கறுத்த, நீளமான முதுகு; படகின் அடிப்பாகம் போலவேதான் இருந்தது. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. யாராவது நீந்துகிறார்களா என்று அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

அப்போது கவிழ்ந்த படகு மூச்சு விட்டது.

இரண்டு ஆள் உயரத்துக்கு நீர்ப்புகை எழுந்து வெயிலில் நின்று கலைந்தது. சத்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது. கொல்லன் துருத்தியை ஒரே அழுத்தாக அழுத்தியது போல ஒரு பெருமூச்சு. அதையடுத்துப் பக்கத்தில் இருந்த சின்னதும் விட்டது, ஒரு முழத்துக்கு.

“திமிங்கிலம்,” என்றார் நங்கூரம். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

பதினான்கு வருடத்தில் அவள் திமிங்கிலத்தை உயிரோடு பார்த்ததில்லை. பயிற்சியின்போது படித்த பாடம் மட்டும் நினைவிருந்தது. எந்தப் படகும் நூறு மீட்டருக்குள் போகக் கூடாது. அதுவாகக் கிட்டே வந்தால் இயந்திரத்தை நிறுத்து, அது போகும்வரை முடுக்காதே. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, கால் மணி நேரத்தில் பதினோரு படகுகள் வந்து சேர்ந்தன. மீன்பிடிப் படகுகள், வாடகைப் படகுகள், கொழுந்தனின் படகு. எல்லார் கையிலும் செல்போன். ஒருவன் முன்னால் போனால் அடுத்தவன் இன்னும் முன்னால் போனான். அவள் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்தினாள். “பின்னால போங்க! நூறு மீட்டர்! குட்டி இருக்கு, கண்ணு தெரியலையா?” நங்கூரம் குறுக்கும் நெடுக்கும் படகை ஓட்டி மறித்தார். ஒரு பக்கம் தள்ளினால் இன்னொரு பக்கம் நுழைந்தார்கள்.

“எல்லாரும்தானே போறாங்க அண்ணி!” என்று கொழுந்தன் கத்தினான்.

“எல்லாரும் எனக்குக் கொழுந்தனா? நீ முதல்ல பின்னால போ!”

அவன் பின்வாங்கினான். அவனைப் பார்த்து இரண்டு படகுகள் தயங்கின. அந்தச் சமயம் பார்த்துத் திமிங்கிலம் முங்கியது. தண்ணீர் மூடிக்கொண்டது. எல்லாரும் நாலா பக்கமும் தேடினார்கள். அவளும் தேடினாள். தற்செயலாகக் குனிந்தபோது, தன் படகுக்கு நேர் கீழே கடல் நிறம் மாறிக்கொண்டே மேலே வருவதைக் கண்டாள்.

“நிறுத்துங்கண்ணே!”

நங்கூரம் சாவியைத் திருப்பினார். இயந்திரம் அடங்கியது. சத்தமில்லாமல், ஒரு சுவர் எழுவது போல, படகின் வலப்பக்கத்தில் அது எழுந்தது. ரோந்துப் படகின் நீளம் ஏழு மீட்டர். முன்னாலும் பின்னாலும் அந்த உடம்பு மிச்சமிருந்தது. இடப்பக்கத்தில் குட்டி வந்து நின்றது. அதுவே ஒரு வண்டி அளவு. படகின் நிழல் அதற்குப் பிடித்துப்போனது போலிருக்கிறது; அடிப்பலகையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் படகு தொட்டில் மாதிரி ஆடியது.

தாய் மூச்சு விட்டபோது அவள் தலையோடு கால் நனைந்தாள். மீன் சந்தையின் மொத்த வாடையும் அந்த ஒரு மூச்சில் இருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கினால் ஏதாவது கலைந்துவிடும் என்று தோன்றியது.

பிறகு அது மெல்ல ஒருபக்கமாகப் புரண்டது. தோல் மடிப்புகளுக்கு நடுவே ஒரு கண் திறந்திருந்தது. ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரியதில்லை. அத்தனை பெரிய உடம்புக்கு அவ்வளவுதான் கண். அது அவளுடைய காலணியைப் பார்த்தது, மேலே வந்தது, முகத்தில் நின்றது. அவள் படகு படகாக ஏறி இறங்கியவள். பயந்த கண், பொய் சொல்லும் கண், கெஞ்சும் கண், முறைக்கும் கண் எல்லாம் பார்த்தவள். இந்தக் கண் அவளிடம் எதையும் கேட்கவில்லை. சும்மா பார்த்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. தொப்பியை எப்போது கழற்றினாள் என்பதும் தெரியாது. குனிந்தபோது அது கையில் இருந்தது.

“மேடம்,” என்றார் நங்கூரம் கிசுகிசுப்பாக. “இழுக்குது.”

ஓதம் இறங்கிக் கடல் நீர் வற்றும் நேரம். வற்றுகிற நீர் படகை விரிகுடாவின் வாய்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே இடக்கைப் பக்கம் மணல்மேடு. இந்த வருடம் மட்டும் அதில் படகை ஏற்றிய நாலு பேருக்கு அவள் ரசீது கொடுத்திருக்கிறாள்.

“நங்கூரம் போடவா?”

“கயிறு குட்டி மேல சுத்திக்கும்.”

“இஞ்சின்?”

அவள் குட்டியைப் பார்த்தாள். அதன் வால் இயந்திரத்தின் சுழல்விசிறிக்கு ஒரு கை தூரத்தில் அசைந்துகொண்டிருந்தது.

“வேணாம். ஏறினா ஏறட்டும்.”

கொழுந்தன் தூரத்திலிருந்தே அதைக் கவனித்துவிட்டான். “அண்ணி! மேட்டுல ஏறப் போறீங்க! கயிறு போட்டு இழுக்கவா?” அவன் இயந்திரத்தை முடுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி, உள்ளங்கையைக் காட்டினாள். ஒலிபெருக்கி காலடியில் கிடந்தது. அதை எடுக்க மனமில்லை. கையை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கினாள்.

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். அவனுக்கு அடுத்த படகும் நின்றது. பிறகு இன்னொன்று. கடைசியாக ஒரு வாடகைப் படகு கொஞ்ச நேரம் இருமிவிட்டு ஓய்ந்தது. அந்த விரிகுடாவில் இப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. அலை படகுகளில் தட்டும் சத்தம். தாயின் மூச்சு. அதற்குப் பின்னாலேயே குட்டியின் மூச்சு. செல்போன்களை உயர்த்தியிருந்த கைகள் தாமாகவே தணிந்தன. ஒரு மீனவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மணல் அடிப்பலகையில் உரசியது. படகு ஒருமுறை குலுங்கி, சாய்ந்து, நின்றது.

ஆழம் குறைந்ததைத் தாய் உணர்ந்திருக்க வேண்டும். குட்டியைப் படகிலிருந்து பிரித்து, தன் பக்கம் அணைத்துக்கொண்டு, படகுகள் போய்வரும் ஆழமான வாய்க்காலைப் பார்த்துத் திரும்பியது. வழியில் இருந்த மூன்று படகுகளை, யாரும் சொல்லாமலே, துடுப்புப் போட்டு ஒதுக்கினார்கள். இரண்டு முதுகுகளும் அந்த இடைவெளியில் போயின. வெளிக்கடலுக்குப் போனதும் தாய் வாலைத் தூக்கியது. கதவு இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல அகலமாக அது நிமிர்ந்து நின்று, நீர் சொட்டி, அலை எழாமல் உள்ளே இறங்கியது.

நங்கூரம் இருக்கையை விட்டு எழுந்து நிற்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவர் கன்னம் நனைந்திருந்தது. கடல் நீரா என்று அவள் கேட்கவில்லை.

கொழுந்தன் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தான். படகு அசையவில்லை. நீர் ஏறும்வரை ஆறு மணி நேரம் அங்கேயே இருந்தாக வேண்டும். அவள் வயர்லெஸ்ஸில் உண்மையைச் சொன்னாள்: ரோந்துப் படகு மணலில் ஏறிவிட்டது, தெரிந்தேதான் ஏறவிட்டோம்.

மேலதிகாரி தானே ஒரு சிறு படகில் கிளம்பி வந்தார். முட்டளவுத் தண்ணீரில், கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கையில் அறிக்கைப் படிவத்தோடு நடந்து வந்தார். சாய்ந்து கிடந்த படகை ஒருமுறை சுற்றி வந்தார்.

“சொல்லுங்க. நங்கூரம் ஏன் போடல?”

சொன்னாள். இஞ்சினை ஏன் முடுக்கவில்லை என்று கேட்டார். அதையும் சொன்னாள். அவர் நின்றபடியே எழுதிக்கொண்டார். விசாரணை இருக்கும், கேள்வி வரும், பதில் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றார். அவள் சரி என்றாள். படிவத்தை மடித்துப் பையில் வைத்தவர் போகவில்லை. வாய்க்கால் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“எவ்வளவு பெரிசும்மா இருந்துச்சு?”

அவள் காட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்தாள். முடிந்தவரை விரித்தாள். பிறகு அப்படியே நின்று, தன் கைகளையே ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே போட்டாள்.

“சொல்லத் தெரியலை சார்,” என்றாள்.

அவர் தலையாட்டினார். படகின் விளிம்பில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேருமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.