காளான் கொட்டகையில் கட்டில்

மரம் அறுக்கும் மில்லிலிருந்து புருஷனை வெளியே இழுத்துவர அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பதினாறு வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்ற மனுஷன். இருமல் வராமல் என்ன செய்யும்? மில்லுத் தூசிதான் அவரைத் தின்கிறது என்று வாய் வலிக்கத் திட்டினாள். அந்த மரத்தூளையே மூட்டை மூட்டையாக வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மருந்துக் காளான் வளர்க்கலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். நனைத்த தூள் பறக்காது என்பது அவள் கணக்கு. அதிலிருந்து அவர் அவளை 'டாக்டரம்மா' என்றே கூப்பிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் அவள் கெட்டிக்காரி. மரத்தூளோடு நறுக்கிய வைக்கோலும் தவிடும் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது என்கிற பதத்துக்கு நனைப்பாள். பைகளில் இறுக்கி அடைத்து, இரும்பு டிரம்மில் அரைநாள் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் வித்துப் போடுவாள். ஒரு மாதத்தில் பை முழுக்க வெள்ளை பூத்துவிடும். அப்புறம் பையின் வாயைத் திறந்துவிட்டால், வார்னிஷ் அடித்த பலகை மாதிரி பளபளவென்று காளான்கள் விரியும்.

மற்றவர்கள் விளிம்பு வெளுப்பாக இருக்கும்போதே அறுத்துவிடுவார்கள். அவள் விடமாட்டாள். முற்றினால்தான் காளான் பழுப்புத் தூளைக் கொட்டும். சத்தெல்லாம் அந்தத் தூளில்தான் என்று எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள். அது பறந்து வீணாகக் கூடாதென்று ஜன்னல்களைத் தாளிட்டாள். அவர் உள்ளே நின்று மெல்லிய பிரஷால் ஒவ்வொரு காளானாகத் துடைத்துக் காகிதத்தில் சேர்ப்பார். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் கேட்டார். மருந்து உள்ளே போனால் நல்லதுதானே என்றாள். பாவி, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இருமல் குறையவில்லை, மாலையானால் காய்ச்சலும் சேர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க வைத்தார்கள். மனுஷன் தேறிவிட்டார், மாடிப்படிகூட ஏறினார். பிளாஸ்கில் தான் ரகசியமாகக் கரைத்துக் கொடுத்த தூளின் வேலைதான் அது என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வீடு திரும்பியவர் கொட்டகையில் அரைநாள் வேலை பார்த்தார். அன்று மாலையே பழையபடி மூச்சு இரைத்தது. வேறு யாராக இருந்தாலும் கொட்டகையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவளுக்கோ மருந்து போதவில்லை என்றுதான் தோன்றியது. அவர் கட்டிலைத் தூக்கிக் கொட்டகைக்குள்ளேயே போட்டாள்.

"என்னையும் பையில அடைச்சிடாதே, டாக்டரம்மா," என்றார் அவர்.

இரண்டு மாதம் அங்கே படுத்திருந்தார். காலையில் போர்வையெல்லாம் பழுப்பாக இருக்கும். உதற வந்த மகளைக்கூட, மருந்தை வீணாக்காதே என்று தடுத்தாள்.

இரண்டாம் தடவை அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். வீட்டில் என்ன வேலை என்று டாக்டர் கேட்டதும் அவள் தூள் பாட்டிலை எடுத்து நீட்டினாள். இவர் எங்கே படுக்கிறார் என்று மட்டும் டாக்டர் கேட்டார். கொட்டகையில்தான் என்றாள். இது மில்லுத் தூசியால் வந்ததில்லை, இந்தத் தூள் மூச்சோடு ஏறி ஏறித்தான் நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டது, இனி பழைய நிலைக்குத் திரும்பாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதல் தடவை தேறியதுகூடக் கொட்டகையை விட்டுத் தள்ளி இருந்ததால்தானாம். அவள் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே கட்டிலருகே போனாள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு அவரே முந்திக்கொண்டார்.

"டாக்டர் சொல்லிட்டாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிக்காதே. மில்லுத் தூசின்னே இருக்கட்டும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத்தான் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள், மில்லில் அவரோடு வேலை பார்த்த ரம்பக்காரர் பார்க்க வந்தார். மில் முதலாளியை வாய்க்கு வந்தபடி ஏசினார். கட்டிலில் இருந்தவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவளும் ஆட்டினாள். கிளம்ப எழுந்த ரம்பக்காரருக்கு இருமல் வந்தது, அது அடங்க வெகுநேரமாயிற்று.

"எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு தங்கச்சி. உங்க கொட்டகைல ஒரு வேலை குடுத்தா, அந்த மருந்துக் காத்துல நானும் பொழைச்சுக்குவேன்."

புருஷன் அவளைப் பார்த்து, சொல்லாதே என்று விரலை அசைத்தார். ஆள் தேவையில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இந்த மனுஷன் வேறு கொட்டகை எங்கே என்று தேடிப் போவார்.

"அது மருந்துக் காத்து இல்லண்ணே," என்றாள். "அதுதான் இவரை இப்படி ஆக்கிச்சு. கட்டிலை அதுக்குள்ள போட்டது நான்தான்."

ரம்பக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியே போனார். புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தார். ஒருதடவைகூட அவளை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.