யார் நிற்பது

கணவரும் நானும் ஆளுக்கொரு செயற்கைக்கோளுக்குக் கடிகார நிரல் எழுதினோம். தாழ்வான பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றும் ஜோடி அது. இரண்டு கடிகாரங்களும் ஒரே துடிப்பில் ஓடினால்தான் ஒன்று அனுப்புவது மற்றதற்குப் புரியும். மேலே போனதிலிருந்து வெறும் இரைச்சல்தான்.

காரணம் தெரிந்ததும் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னுடையது அவருடையதன் நேரத்தைக் கேட்டு அதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதே நொடியில் அவருடையது என்னுடையதற்கு மாறிக்கொள்கிறது. பிறகு இரண்டும் மறுபடி தேடுகின்றன.

"உங்க வீட்டு மரியாதையை எதுக்கு ஆகாயத்துக்கு ஏத்திவிட்டீங்க?" என்றார் எங்கள் குழுத்தலைவி. "இந்தச் சுத்துல சேரலேன்னா ரெண்டையும் இறக்கி எரிச்சிடச் சொல்லிட்டாங்க. யாராவது ஒருத்தர் நில்லுங்க, மத்தவர் வரட்டும்."

"உன்னோடது நிக்கட்டும்," என்றார் கணவர்.

"வேணாங்க, உங்களோடது நிக்கட்டும். நான் வரேன்."

"நீ ஏம்மா அலையணும்?"

"எனக்கென்ன அலைச்சல்?"

தலைவி முறைத்தார். கணவர் சொன்னபடியே ஆகட்டும் என்று நான் என்னுடையது மாறுவதை நிறுத்தினேன். நான் சொன்னபடியே ஆகட்டும் என்று அவரும் நிறுத்திவிட்டார். இரண்டும் சேராமலே அசையாமல் நின்றன. பதறிப்போய் இருவரும் ஒன்றாக விடுவித்தோம். பழைய கதை.

"நான் வேணும்னா வெளியே போகட்டுமா?" என்றார் தலைவி.

வீட்டில் எனக்குக் குளிரும் என்று கணவர் ஏசியை நிறுத்துவார். அவருக்குப் புழுங்கும் என்று நான் போடுவேன். எனக்கு எது வேண்டும் என்று இப்போது யோசித்துப் பார்த்தேன். பதில் வரவில்லை. அவருக்கு வேண்டியது மட்டும் உடனே வந்தது. அதுவும் என் ஊகம்தான்.

"நான் நிக்கிறேன். நீங்க வாங்க," என்றேன். எல்லோருக்கும் முன்னால் சாப்பிட உட்கார்ந்துவிட்டவள் போல வெட்கமாக இருந்தது.

திரையில் அவருடைய கடிகாரத்தைக் காட்டும் கோடு என் கோட்டை நோக்கி வந்தது. பாதி வழியில் தயங்கியது. பாவம், கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால் என்ன என்று விரல் துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கோடுகள் ஒன்றாயின. இரைச்சல் நின்று, எழுத்துகள் வரத் தொடங்கின. தலைவி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை.

"இவ்வளவு சுலபமா?" என்றார் கணவர்.

"வர்றவங்களுக்குச் சுலபம்தான்," என்றேன். கைகள் மரத்துப்போயிருந்தன. "நின்னு பாருங்க, தெரியும்."