கழுவி வைத்த கல்

"அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாது. நீ வந்து தள்ளுவியா?" பஸ்ஸின் டிரைவர் ஜன்னலில் இருந்து கத்தினார் அத்தான்.

"தள்ளுறேன். முதல்ல அணைங்க அத்தான். உங்க புகை நேரா அவ மூஞ்சியிலதான் போகுது."

"ஒரு கல்லு மூஞ்சிக்காக சொந்த அத்தானை நடுரோட்டுல வச்சு மானத்தை வாங்குறியே."

ஏறக் காத்திருந்தவர்களுக்கு வெயிலே உறைக்கவில்லை, ஓசி வேடிக்கை. அத்தான் சொன்னதும் பொய்யில்லை. பேட்டரி படுத்து வருடமாகிறது. டெப்போவில் எழுதிக் கொடுத்தும் மாற்றித் தரவில்லை.

மச்சினிக்குத் தெரு வைத்த பெயர் கல்லு டாக்டர். பழைய நூலகத்தின் வாசலுக்கு மேலே செதுக்கிய பெண் முகத்தைக் காப்பாற்றுவது அவள் வேலை. எதிரே பஸ் நிறுத்தம் வந்தபின் முகத்தில் கரி ஓடு கட்டி, அதன் அடியில் கல் மாவாகிக்கொண்டிருந்தது. ஓட்டைப் பெயர்த்தால் மூக்கும் கூடவே வரும். விட்டால் மழையில் தானே வரும். நிறுத்தத்தை மாற்றச் சொன்னால், அது அந்தக் காலத்து அடுப்புப் புகையாகவும் இருக்கலாமே என்றது நகராட்சி அலுவலகம்.

அதனால் அதே கல்லில் மூன்று வில்லைகள் அறுத்து, முகவாய்க்குக் கீழே கம்பியில் கட்டி ஒரு வருடமாகத் தொங்கவிட்டிருந்தாள். அவற்றில் புதிதாகப் படிகிற கரிதான் பஸ் புகைக்குச் சாட்சி. பழகிப் பார்க்கலாம் என்று வந்த ஒருவனிடம்கூட இரண்டு மணி நேரம் வில்லைகளைப் பற்றியே பேசினாளாம். போனவன் போனவன்தான்.

சண்டைக்கு மறுநாள் நகராட்சி அதிகாரி வந்து வில்லைகளை வாங்கிப்போவதாக ஏற்பாடு. காலையில் போனால், நூலகப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம். அன்றைக்கு மட்டும் முகம் மலர்ந்திருந்தது.

"கோபத்தை விடுடி. அவரு புகையால அழுக்கானதுதானே? ஏணி வச்சு ஏறி, மூணு கல்லையும் கழட்டி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, திரும்பக் கட்டிட்டேன். பாரு, எப்படிப் பளிச்சுன்னு இருக்கு."

கல்லு டாக்டர் வாயைத் திறந்தாள். அக்காவின் நகக்கண்களில் கரி இருந்தது. ஒரு வருடத்தில் மிச்சம் அவ்வளவுதான்.

"ஏணி வழுக்கலையாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதிகாரி நல்ல மனிதர். முழுக்கக் கேட்டுக்கொண்டார். "புரியுதும்மா. ஆனா கையில இருக்கறதைத்தானே நான் எழுத முடியும்? இன்னொரு வருஷம் தொங்க விடுங்க."

"அவளுக்கு இன்னொரு வருஷம் கிடையாது சார்."

"யாருக்கு?" என்று அண்ணாந்து பார்த்தவர், கைக்குட்டையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிரே அத்தானின் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

மழையின் மூன்றாம் நாள் மூக்கு விழுந்தது. உதடு அடுத்த வாரம். அவள் காகிதத்தில் அள்ளப் பார்த்தாள். கைக்கு வந்தது ஒரு சிட்டிகை. அடுத்த வருட வில்லைகள் அட்டைக்கரியாக இறங்கின. அப்பழுக்கில்லாத சாட்சி. காப்பாற்ற முகம்தான் இல்லை.

அத்தானுக்கு வேறு தடத்தில் புது பஸ் கிடைத்தது. அவரும் அக்காவும் டெப்போ பக்கம் வீடு மாறிப் போனார்கள். கல்லு டாக்டருக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை யார் என்கிறீர்கள், அந்தப் போனவன்தான். "அந்த மூணு கல்லு என்னாச்சு?" என்று கேட்டுத் திரும்பி வந்தானாம். இருவரும் இப்போது கடலோர ஊரில், ஒரு பழைய கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே புகை கிடையாதாம். கல்லைத் தின்பது உப்புக் காற்றாம்.