கருத்தக்கண்ணனின் கப்பல்

கோடி வேட்டியை மடியில் பரப்பிப்போட்டு, தாமரைச்செல்வி வேகவேகமாக ஊசி இழுத்துக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் அப்பாவுக்குப் போட்ட வேட்டிகளில் நாலைச் சேர்த்துத் தைத்தால் கப்பலுக்குப் பாய் தயார். பாடை கட்டுகிற ஆளான சங்கிலி, மூங்கிலை வளைத்து நடுவில் மரம் நட்டு, பாடையை அசல் கப்பலாகவே செய்து வைத்திருந்தான்.

எழுமலைக்காரரான அப்பா கருத்தக்கண்ணன், கடற்கரை ஊர் ஒன்றில் கப்பல் அருங்காட்சியகத்துக் காவலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். கரையோரம் கட்டிப்போட்டிருந்த பழைய பாய்மரக் கப்பல்தான் அங்கே பெரிய வேடிக்கை. மரம் தாங்காது என்று அதில் ஒருநாளும் பாய் விரிக்க விட்டதில்லை. ஆனாலும் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அது கடலில் போகும் அழகைக் கைவீசிச் சொல்லுவார். அவரே பார்த்ததில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். அம்மா ஒச்சாயி அந்தக் கப்பலைச் சக்களத்தி என்றே சொல்லுவாள்.

பேரன் பேத்தி கண்ட கல்யாணச் சாவு. கொட்டுச் சத்தத்துக்கு வாசலில் ஆட்டம் தூள் பறந்தது. விருமாண்டிச் சித்தப்பாவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிருந்தது. கோடி என்பது மேலே போர்த்துவதற்கு, மரத்தில் கட்டுவதற்கில்லை என்று ஒரே பிடியாக நின்றார்.

"இப்புடித் தூக்கிட்டுப் போனா நம்ம மானம் கப்பலேறிரும்."

சொல்லிவிட்டு அவரே விழித்தார். கொட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாமரைச்செல்வியால் சிரிக்க முடியவில்லை. பாயைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று ஊசியை இன்னும் வேகமாக இழுத்தாள். பஞ்சாயத்து அம்மாவிடம் போனது.

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்தனைப் பார்த்தாள். "காலம் பூரா கட்டிப்போட்ட கப்பலுக்குக் காவலிருந்த மனுசன்ப்பா. இன்னைக்காச்சும் அவுத்து விடுங்க, போகட்டும்."

முச்சந்தியோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். வீடுகள் முடிந்ததும் ஆடிக் காற்று வந்து பாயில் அடித்தது. பாய் புடைத்தது. தூக்கியவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த சித்தப்பா, மெல்லப் போங்கடா என்று கத்திக்கொண்டே எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். தாமரைச்செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

சோளக்காட்டுப் பாதையில் ஆட்கள் மறைந்தார்கள். கதிர்களுக்கு மேலே வெள்ளைப் பாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. லீவு முடிந்து அப்பா பஸ் ஏறும்போது கோபத்தில் ஒருதரம்கூட வாசலுக்கு வராத அம்மா, அது கண்ணுக்கு மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.