நான்காவது வரி

ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று ஒரே ஓர் எழுத்தை எழுதிவிட்டு பிரிஸ்கில்லா பேனாவை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவள் இன்னும் புடவை கூட மாற்றவில்லை. எதிரே, தரையில், அவள் கணவன் சாம்சன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் நடுவில் கம்பெனி கொடுத்த நோட்டீஸ், பறந்துவிடாமல் அதன் மேல் உப்பு டப்பா. நாளைக் காலை எட்டு மணிக்குள் பதில் கொடுக்க வேண்டும். எழுத்து மூலமாக, ஆங்கிலத்தில். காரணம் சரியில்லை என்றால் பஸ் சாவியை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

நடந்தது வியாழக்கிழமை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மதிய ஷிப்டுக்குப் போகும் பெண்கள் இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சாம்சன் செய்யாற்றுத் தரைப்பாலத்துக்கு வந்தபோது, பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அவன் பஸ்ஸைத் திருப்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு போனான். இரண்டு மணி நேரம் தாமதம். அவ்வளவு பேர் வராததால் கம்பெனியில் ஓர் உற்பத்தி லைன் முழுக்க நின்றுவிட்டது. அவனுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கிருஷ்ணசாமி ஓட்டிய, கம்பெனியின் இன்னொரு பஸ் இதே பாலத்தைக் கடந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நோட்டீஸ் அதைத்தான் கேட்டது. அந்த வண்டி வந்த வழியில் உன் வண்டி ஏன் வரவில்லை?

“பயந்துட்டேன்னு எழுதிடு பிரிசி” என்றான் சாம்சன்.

“பயந்தவன் கையில யாரு மாமா பஸ்ஸக் குடுப்பாங்க?”

“அப்போ, யோசிச்சி முடிவு பண்ணேன்னு எழுது.”

“நீ யார்றா முடிவு பண்றதுக்குன்னு கேப்பாங்க.”

“அப்போ இன்னாதான் எழுதப்போற?”

“அதத்தான் யோசிச்சிக்கினு கீறேன். சும்மா பேஜார் பண்ணாத.”

காஞ்சிபுரத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்து முடித்த ஐந்து வருஷத்தில் அவள் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றே ஒன்று. அதுவும் சாம்சனுக்காகத்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் டயர் பஞ்சராகி வண்டி தாமதமானபோது காரணம் கேட்டிருந்தார்கள். அவளுடைய அப்பா மாசிலாமணி, காலனி ஜனங்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர். பட்டா கேட்டாலும் சரி, தெருக்குழாய் கேட்டாலும் சரி, ‘ஏழையின் பிழை பொறுத்து’ என்றுதான் அவருடைய மனு தொடங்கும். பிழை எதுவும் இல்லாத இடத்திலும் முதலில் மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும். அப்போதுதான் பெரிய மனிதர்கள் மேற்கொண்டு படிப்பார்கள். பிரிஸ்கில்லாவும் அந்தப் பழக்கத்தில், என் தவறை மன்னியுங்கள் என்று ஆங்கிலத்தில் அழகாக ஆரம்பித்துவிட்டாள். இப்போது இந்த நோட்டீஸின் இரண்டாவது பத்தியில் அந்த வரி, தேதியோடு உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை உங்கள் தவறை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

அதைப் படித்ததிலிருந்து அவளுக்கு எந்தச் சொல்லின் மேலும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றும் காகிதத்தில் ஏறியதும் யார் பக்கம் சாயுமோ. முடிவெடுத்தேன் என்பதற்கு ‘டிசைடட்’ என்று போட்டால் முதலாளி பேசுவது போல் இருந்தது. மறுத்தேன் என்று ‘ரெஃப்யூஸ்ட்’ போட்டால் சண்டைக்கு நிற்பது போல. எச்சரிக்கை என்று பொருள் தரும் ‘காஷியஸ்’ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் கொஞ்சம் நடுக்கம் ஒளிந்திருந்தது. கைப்பேசியில் தேடியபோது ‘ப்ரூடன்ட்’, ‘ஜுடிஷியஸ்’ என்று விவேகத்தைக் குறிக்கும் வழுவழுப்பான சொற்கள் வந்தன. அதில் ஒன்றைப் போட்டால் அதிகாரி சாம்சனை நிறுத்தி இதற்கு என்ன அர்த்தம் என்பார். அவன் விழிப்பான். எழுதுகிற சொல் அவன் வாயில் நிற்க வேண்டும்.

கடைசியில் ‘கேர்ஃபுல்’தான் அகப்பட்டது. சூப்பர்வைசர் தினமும் சொல்லும் சொல், சாம்சனுக்கும் தெரிந்த சொல். மரியாதையான மூன்று வரிகளுக்குப் பிறகு நான்காவது வரியாக எழுதினாள். ‘ஆஃப்டர் கேர்ஃபுல் தாட், ஐ டிட் நாட் டேக் த பஸ் இன்டு த வாட்டர்.’ நன்றாக யோசித்த பிறகு, நான் பஸ்ஸைத் தண்ணீரில் இறக்கவில்லை. எழுதியதும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. முடிவு என்ற சொல்லே இல்லை, ஆனால் முடிவு இருந்தது.

அவள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெரு சித்ரா ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி.

“இன்னா அண்ணி, அண்ணனுக்குப் பரீட்சையா? மூஞ்சி பேயறைஞ்சாப்பல கீது.” சாம்சனைப் பார்த்துச் சிரித்தாள். “உன்னால எங்களுக்கெல்லாம் அர நாள் ஆப்சென்ட்டுண்ணா. எங்க வூட்டுக்காரு, உங்க டிரைவருக்கு நீச்சல் கத்துக்குடுங்கடின்றாரு.”

அவன் சிரிக்கவில்லை. சித்ராவின் குரல் தணிந்தது.

“சும்மா சொன்னேண்ணா. நாங்க பொம்பளைங்க எல்லாம் பேசிட்டோம். கேட்டா சொல்லுவோம். எங்கண்ணன் ஒரு சக்கரத்தக் கூட தண்ணியில வெக்கலன்னு. வேணும்னா அண்ணி, அதுலயே எழுது, நான் மொத கையெழுத்துப் போடறேன். நாளைக்கு வேற டிரைவர் வந்தா நான் ஏறவே மாட்டேன்.”

அவள் போன பிறகு, சாம்சன் நோட்டீஸின் மேலிருந்த உப்பு டப்பாவை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

“எறக்கனேன் பிரிசி.”

“இன்னாது?”

“வண்டிய எறக்கனேன். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திக் கெடந்துச்சி, பின்னால அதுங்க பாட்டுப் பாடிக்கினு வந்துதுங்க. யாருக்கும் தெரியல. கிருஷ்ணசாமி போய்ட்டாரு, நான் நின்னா மறுபடியும் லெட்டர் கேப்பாங்கன்னு... அந்த லெட்டர்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சி. ஃபர்ஸ்ட்டு கியர்ல உட்டேன். முன் சக்கரம் முங்கனதும் ஸ்டீரிங் லேசாயிடுச்சி. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி. வண்டி அப்பிடியே பக்கமா நவுந்துச்சி. ஒரு ஜாண்தான். அப்புறம் எப்படி ரிவர்ஸ் எடுத்தேன்னு எனக்கே தெரியாது.”

பிரிஸ்கில்லா பேனாவைக் கீழே வைத்தாள்.

“முன் சீட்டு சிட்டம்மாக்கா மட்டும் பாத்துச்சி. கம்பியப் புடிச்சிக்கினு ஒண்ணும் பேசாம குந்திக்கினு இருந்துச்சி. கம்பெனில எறங்கும்போது என் தோள்ல கைய வெச்சிட்டுப் போச்சி. அவ்ளோதான்.”

ஒரு ஜாண். அவள் தன்னையறியாமல் தரையில் கையை விரித்துப் பார்த்தாள். சுண்டு விரலிலிருந்து கட்டைவிரல் வரை. பின்னால் சித்ரா பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். தான் அழகாக எழுதிய மன்னிப்பு, அலுவலகக் கோப்பிலிருந்து எழுந்துபோய் இவன் காலை ஆக்சிலரேட்டரில் வைத்து அழுத்தியிருக்கிறது. இப்போது இந்த ‘கேர்ஃபுல்’ எங்கே போய் எதை அழுத்தும்? தண்ணீரில் இறங்காத டிரைவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு இவன் நாளைக்கும் ஓட்டுவான். அடுத்த மழையிலும் யாராவது முன்னால் போய்விடுவார்கள். இவன் நேரத்தைப் பார்ப்பான். உண்மையை எழுதினாலோ, சாவி போகும். சாவியோடு லைசென்ஸும் போகுமோ என்னவோ. என்றைக்காவது ஒரு நாள் சிட்டம்மாள் யாரிடமாவது வாய் திறக்கலாம், திறக்காமலும் போகலாம்.

“ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?”

“நீ தூங்கணும்ல.”

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். மேலே முதல் மூன்று வரிகளை அப்படியே எழுதினாள். நான்காவது வரிக்கு வந்ததும் எதையும் தேடவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல் சின்னச் சின்னதாக எழுதினாள். ‘ஐ டுக் த பஸ் இன்டு த வாட்டர். ஐ ஃபெல்ட் இட் மூவ். ஐ கேம் பேக்.’ நான் பஸ்ஸைத் தண்ணீரில் இறக்கினேன். அது நகர்வதை உணர்ந்தேன். திரும்பி வந்துவிட்டேன். கடைசிச் சொல் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. படித்துப் பொருள் சொன்னாள்.

சாம்சன் இரண்டாவது தாளைத் தொட்டான். “இதக் குடுத்தா உட்ருவாங்களா?”

“தெரியல மாமா.”

“அதக் குடுத்தா?”

“வேல நிக்கும்னு நெனைக்கிறேன்.”

சொந்தக் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும் என்று நோட்டீஸில் இருந்தது. அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துப் போட்டான். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பிரிஸ்கில்லா அவனுக்கு மிக அருகில் நகர்ந்து, அவன் தோளில் தன் தோள் படும்படி உட்கார்ந்தாள். இரண்டில் எதையும் தள்ளி வைக்கவில்லை. எதையும் தொட்டுக் காட்டவும் இல்லை.

ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அவன் எழுதினான். ‘ரெஸ்பெக்டட் சார்.’ இரண்டாவது வரி. மூன்றாவது வரி. மூன்றாவதன் முற்றுப்புள்ளியை வைத்துவிட்டு, பேனாவை அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தான். இரண்டு தாள்களையும் ஒருமுறை பார்த்தான். பேனா முனை தாளில் ஊன்றி நின்றது. அந்த இடத்தில் மை ஒரு கடுகளவு ஊறி, மெதுவாகப் பெரிதாக ஆரம்பித்தது.