எட்டுப் பேருக்கு எடுத்த வீடு

சம்பந்தி வீட்டார் திருகோணமலை பார்க்க வாறாங்க எண்டா மூதூர் ஜமால்தீன் சும்மா இருப்பாரா? மகள் ஜெஸீமாவைக் கட்டிக்குடுத்து ரெண்டு மாதம்தான். தினம் லாஞ்சில கடல் தாண்டி வந்துபோக ஏலாதெண்டு, துறைமுகப் பக்கம் மலிவா ஒரு வீட்டை மூண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். வீட்டுக்காரர் கனகரத்தினம் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டவர்: "எட்டுப் பேருக்கு மேல ஏலாது. ஆகஸ்ட் மாதம், கிணறு வத்திப்போகும். பக்கத்து மூண்டு வீடும் அதிலதான் அள்ளுது."

ஜமால்தீன் வீட்டில ஐஞ்சு பேர். சம்மாந்துறையிலயிருந்து சம்பந்தி அப்துல் மஜீத் போட்ட காகிதத்தில, மூண்டு பேர் வாறம் எண்டிருந்தது. சரி, எட்டுப் பேர்தான் எண்டு வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்தார். ஆனா பஸ்ஸால இறங்கினதோ பதினாலு பேர்! மாமி, சாச்சி, கைப்பிள்ளை வரைக்கும். மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து ஏன் இவ்வளவு பேரெண்டு கேக்க, பொம்பிளைப்பிள்ளையைப் பெத்த எவனுக்கு வாய் வரும்? "வாங்க, வாங்க" எண்டு சிரிச்சார். இவங்கட முகம் கோணினா மகள்ர வாழ்க்கைதானே கோணும்.

ரெண்டாம் நாள் பொழுதுபட, மஃரிப் தொழுகை. ஹோல் நிறையப் பாய் விரிச்சு ஜமால்தீன் முன்னுக்கு நிண்டு தொழுவிச்சார். படலை திறந்துது. கனகரத்தினத்தின்ட இருமல். அட, மனுசன் இப்பவா வர வேணும்! தொழுகையை முறிச்சுக்கொண்டு ஓடவும் ஏலாது, பின்னால நிக்கிற சனத்தை ஒளிக்கவும் ஏலாது. கடைசிச் சுஜூதில நிலத்தில வைச்ச நெத்தியை எடுக்கவே பயமாக் கிடந்தது. கனகரத்தினம் செருப்பைக் கழட்டிப்போட்டு, தொழுகை முடியுமட்டும் வாசல்ல நிண்டு தலையளை எண்ணினார்.

சலாம் குடுத்துத் தொழுகை முடிஞ்சதும், "பத்தொன்பது," எண்டார் கனகரத்தினம். "கிணத்தில சேறு வருது, ஜமால்தீன். எட்டெண்டுதானே சொன்னனீங்கள்?"

உள்ளதைச் சொன்னா சம்பந்தி முகத்தில கரி. மஜீத் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நான்தான் பொய் சொன்னனான், ஐயா. கூட ஆளெண்டா தரமாட்டீங்கள் எண்டு," எண்டார் ஜமால்தீன்.

"விடிய வீட்டை விட்டிடுங்கோ."

மஜீத்தின்ட மனுசி பல்கீஸ் வெடிச்சா. "யா அல்லாஹ்! இந்தப் பொய்யனுக்குப் பின்னாலயா தொழுதம்? திரும்பத் தொழ வேணும். நீங்க முன்னுக்குப் போங்க!" எண்டு புருசனைத் தள்ளினா.

ஜெஸீமா வாயைத் திறக்கப் போனா. ஜமால்தீன் கண்ணால அதட்டினார். தன்ர மானம் போனாப் போகட்டும், பிள்ளை வாழ வேணும். எழும்பிப் போய் ஆம்பிளையளின்ட கடைசி வரிசையில நிண்டார்.

மஜீத் முன்னுக்கு நிண்டு கையைக் காது வரைக்கும் உயர்த்தினார். தொழுகையைத் தொடங்கிற தக்பீர் வாயில வரல்ல. கையைக் கீழே விட்டுத் திரும்பினார்.

"என்னால ஏலாது," எண்டார். "மூண்டு பேரெண்டு எழுதிப்போட்டுக் குடும்பத்தையே கூட்டி வந்தது நான். பின்னால நிக்கிற அந்த மனுசன் எனக்காகத்தான் பொய்யனானவர். ஜமால்தீன், நீங்க முன்னுக்கு வாங்க."