அவள் ரத்தத்தில் வளர்ந்த செல்கள்

டயர் கடைக்காரன் மனைவியை அறைந்த அதே நொடியில், நாலு தெரு தள்ளியிருந்த ஆய்வகத்தில் அவள் வளர்த்துவந்த மீன் செல்கள் அத்தனையும் குடுவைகளின் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுந்தன. மறுநாள் காலை வீங்கிய கன்னத்தோடு வந்து நுண்ணோக்கியில் குனிந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். அந்த வகைச் செல்கள் எதையாவது பற்றிக்கொண்டு படர்ந்தால்தான் பிழைக்கும். பற்று விட்டு மிதந்தால் சாவுதான். இவை சாகவில்லை. திரண்டு உருண்டு, அவள் முகம் இருந்த பக்கமாக வந்து மோதிக்கொண்டிருந்தன.

காரணம் அவளுக்குத் தெரியும். விரால் ஒன்றின் துடுப்பில் நறுக்கிய துணுக்கிலிருந்து தொடங்கிய வளர்ப்பு அது. மீன்களைக் கொல்லும் வைரஸ்களை, மீனைச் சாகடிக்காமல் அந்தச் செல்களில் ஏற்றிப் பார்ப்பதுதான் அங்கே வேலை. செல்களுக்கு ஊட்டும், கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஒருமுறை வந்துசேரத் தாமதமாகி, அவை பட்டினியில் சுருங்கத் தொடங்கியபோது, அவள் தன் கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்த மஞ்சள் நீரை ஊட்டிவிட்டாள். பிறகு வந்த சீரத்தை அவை தொடவே இல்லை.

"பச்சப் புள்ளைக்குப் பழக்கின மாதிரி பழக்கிட்டீங்க. இனி நீங்கதான் பாத்துக்கணும்," என்றார் இயக்குநர்.

வீட்டில் அடி நின்றபாடில்லை. சாப்பாடு ஆறியிருந்தால் அடி, சுட்டால் அடி, பேசினால் அடி, பேசாவிட்டால் அதற்கும். மாமியார் கூடத்தில் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பாள். விலா எலும்பு முறிந்த அன்று ஆய்வகத்தில் ஒரு அலமாரிக் குடுவைகள் விரிசல் விட்டன. வீட்டில் அவன் முழங்கையில் வட்டமாகப் பல்தடம் பதிந்து ரத்தம் வழிந்தது. எலி கடித்தது என்று ஊசி போட்டுக்கொண்டான். அடுத்த முறை தோளில் சதை போனது. அதற்கடுத்த முறை காது மடலில் பாதி. தையல் போட்ட டாக்டர், "மீன் பல்லு மாதிரி இருக்கே, ஏரியில எறங்குனீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

விலா கூடியதும் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். அடிக்க வேறு ஆளில்லாத வீட்டில் அவன் கை அம்மாவின் பக்கம் திரும்பியது. மாமியாருக்காகக் குடுவை எதுவும் வெடிக்கவில்லை.

பட்டப்பகலில், டயர் கழற்றும் கம்பியோடு அவன் ஆய்வகத்துக்கு வந்தான். காவலாளியின் மண்டையைப் பிளந்துவிட்டு உள்ளே நுழைந்தான்.

"எங்கடி உன் புள்ளைங்க?"

"தொடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு குடுவையையும் மிச்சம் வைக்காமல் உடைத்தான். இளஞ்சிவப்பு ஊட்டநீர் சுவரெல்லாம் தெறித்தது. சில்லுகள் கிழித்த அவன் கைகளின் ரத்தத்தோடு கலந்தது. கைகளில் விழுந்த செல்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன. பற்றின, படர்ந்தன. விரல்கள் ஒட்டி, இடையில் சவ்வு விரிந்து, இரண்டு கையும் துடுப்பாயின. கம்பி வழுக்கி விழுந்தது. முஷ்டி மடக்கிப் பார்த்தான், மடங்கவில்லை.

"எரியுதுடி! எடுத்து விடு!" என்று அலறினான்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அருகே போய், செல்கள் நன்றாகப் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்தாள்.

காவலாளி பிழைத்துக்கொண்டார். இவன் சிறைக்குப் போனான். கைவிலங்கு நிற்காமல் நழுவியதால் காலில் பூட்டினார்கள். அறுவை மருத்துவர் அரிந்தெடுத்த துடுப்புகள் விடிவதற்குள் முளைத்தன. விடுதலையானபோது, உலகத்திலேயே அந்தச் செல்கள் உயிரோடு இருந்த ஒரே இடம் அவன் கைகள். ஆகவே வாரந்தோறும் மாமியார் அவனை ஆய்வகத்துக்கு அழைத்துவருவாள். மருமகள் துடுப்பின் ஓரத்தில் ஒரு துணுக்கு நறுக்கிப் புதுக் குடுவையில் இடுவாள். "மெதுவா," என்பான் அவன். "ஆட்டாதீங்க," என்பாள் அவள். வெளியூர் ஆய்வகங்களும் கேட்டு வாங்கிக்கொண்டன.

ஒருநாள் அவன் கழிவறைக்குப் போயிருந்தபோது அவள் சொன்னாள்: "அத்தை, செல்லு பிடியை விடறதுக்கு ஒரு மருந்து இருக்கு. ஊத்துனா கை பழையபடி ஆயிடும். வேணுமா?"

மாமியார் மூடியிருந்த கழிவறைக் கதவைப் பார்த்தாள்.

"வேணாம்மா. அவனுக்கு நானே ஊட்டி விட்டுக்கறேன்."

சரி என்று அவள் அடுத்த குடுவையை எடுத்தாள்.